ஹார்வர்டின் முன்னாள் ராணுவத்தினர் சட்ட கிளினிக்: எங்கள் அனுபவம்

பாஸ்டனில் ஆரஞ்சு லைன் ரயிலில் ஏறி ஸ்டோனி புரூக் நிறுத்தத்தில் இறங்கினால், நடந்தே போய்விடலாம். ஹார்வர்ட் என்றதும் கேம்பிரிட்ஜில் போய்த் தேடாதீர்கள். சட்டக் கல்லூரியின் லீகல் சர்வீசஸ் சென்டர் இருப்பது ஜமைக்கா பிளெய்னில், சாதாரண ஜனங்கள் குடியிருக்கிற பகுதியில். அந்த சென்டரின் ஒரு பிரிவாக 2012 முதல் முன்னாள் ராணுவத்தினருக்கான சட்ட கிளினிக் நடக்கிறது. வழக்கைக் கையில் எடுத்து வேலை செய்பவர்கள் சட்ட மாணவர்கள். பக்கத்திலேயே இருந்து மேற்பார்வை பார்ப்பவர்கள் அனுபவமுள்ள வக்கீல்கள். கட்டணம் கிடையாது.

என் கணவருக்காகப் போனோம். பலன் கிடைத்தது. அமெரிக்க ராணுவத்தில் பணிபுரிந்த தமிழர்கள் எண்ணிக்கையில் குறைவுதான். ஆனால் அந்தச் சிலருக்கு இந்த மாதிரி இடம் ஒன்று இருப்பதே தெரியவில்லை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

"அமெரிக்க ராணுவத்தில் தமிழரா?" என்று கேட்பவர்களுக்கு: 2008-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை மாவ்னி என்று ஒரு திட்டம் அறிவித்தது. கிரீன் கார்டு இல்லாமல், படிப்பு விசாவிலோ வேலை விசாவிலோ சட்டப்படி இருப்பவர்கள், ராணுவத்துக்குத் தேவையான மொழி தெரிந்திருந்தால் சேரலாம். மருத்துவத் தொழிலில் இருப்பவர்களுக்கும் இடம் இருந்தது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு. அடிப்படைப் பயிற்சி முடிகிறபோதே பலருக்குக் குடியுரிமை கையில் வந்துவிட்டது. 2016-இல் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து எம்.எஸ். படிக்க வந்த என் கணவர் அந்த வழியாகத்தான் சேர்ந்தார். மொழிக்காக எடுத்தார்களே தவிர, கொடுத்த வேலை ஜெனரேட்டர் மெக்கானிக். ஆப்கானிஸ்தானில் பக்ராம் தளத்தில் இருந்தார். இரவு பகலாக ஓடுகிற ஜெனரேட்டர்களுக்கு நடுவே வேலை.

திரும்பி வந்தபோது காதில் ஓயாத இரைச்சலோடு வந்தார். விலகும்போது நிரப்பிய படிவத்தில் எந்தக் குறையும் எழுதவில்லை. ஊருக்குப் போகிற அவசரத்தில் யாரும் எழுதுவதில்லை. பல வருடம் கழித்து, நண்பர்கள் சொல்லித் தானாகவே டிஸபிலிட்டிக்கு, அதாவது பணியால் வந்த உடல்குறைக்கு அரசு தருகிற மாதத் தொகைக்கு, விண்ணப்பித்தார். காதிரைச்சலுக்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பு இருப்பதற்குச் சான்று போதவில்லை என்று பதில் வந்தது. கடிதத்தை மடித்து மேஜை டிராயரில் போட்டுவிட்டு, "விடு, கேட்டு வாங்கி என்ன ஆகப்போகுது" என்று சொல்லிவிட்டார். நம் ஆட்களுக்கு இதில் ஒரு கூச்சம் இருக்கிறது, அரசாங்கத்திடம் கை நீட்டுகிறோம் என்று. அது பிச்சை இல்லை. உடம்பைக் கொடுத்ததற்கான ஈடு. இதைச் சொல்லிச் சொல்லித்தான் அவரை ரயிலேற்றினேன்.

அதற்கு முன்னால் ஒரு தனியார் நிறுவனம் போன் செய்து வலை வீசியது. உடல்குறைக்குப் போடுகிற சதவீதத்தை ஏற்றிக் கொடுக்கிறோம், ஏறிய தொகையில் சில மாதப் பணத்தை எங்களுக்குத் தந்தால் போதும் என்றார்கள். இந்த மாதிரி ஆட்களிடம் ஜாக்கிரதை. வி.ஏ. என்று எல்லோரும் சொல்கிற முன்னாள் ராணுவத்தினர் நலத்துறையின் அங்கீகாரம் பெற்றவர்கள்தான் சட்டப்படி விண்ணப்பம் தயாரித்துக் கொடுக்கலாம். முதல் விண்ணப்பத்துக்கு அங்கீகாரம் பெற்ற வக்கீல்கூட காசு வாங்கக் கூடாது.

கிளினிக்கில் முதல் நாள் எங்களுக்கு வாய்த்தது ஒரு மாணவி. இருபத்தைந்து வயது தாண்டியிருக்காது. கூடவே மேற்பார்வை வக்கீல். அந்தப் பெண் செய்த முதல் காரியம், பதில் கடிதத்தின் தேதியைப் பார்த்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புது முறைப்படி, சாதகமில்லாத பதிலுக்குப் பிறகு மூன்று வழிகள் உண்டு: புதுச் சான்றோடு துணை விண்ணப்பம், மேல்நிலை அதிகாரியின் மறுபரிசீலனை, வி.ஏ.வின் மேல்முறையீட்டு வாரியத்திடம் முறையீடு. எதுவானாலும் ஒரு வருடத்துக்குள் போட்டால், ஜெயிக்கிறபோது பழைய விண்ணப்பத் தேதியிலிருந்தே பணம் கணக்காகும். கெடு தாண்டிப் போட்டால் அந்த மாதங்கள் எல்லாம் போச்சு. எங்களுக்குக் கொஞ்ச நாள்தான் மிச்சமிருந்தது. டிராயரில் கிடந்த காகிதத்துக்கு அப்படி ஒரு மதிப்பு இருந்தது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அப்புறம் என் பக்கம் திரும்பி, "வீட்டில் இவருக்குக் காது எப்படி இருக்கிறது, நீங்கள் சொல்லுங்கள்" என்று கேட்டாள். நான் குக்கரைப் பற்றிச் சொன்னேன். வேறொரு வேலையாக நான் மாடிக்குப் போனால், மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் போவேன். அவர் அடுப்படியிலேயே நிற்பார். ஆனால் விசில் எது, தன் காதுக்குள் கேட்கிற சத்தம் எது என்று பிரித்துத் தெரியாது. பருப்பு அடிபிடித்து நாற்றம் மாடிக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரியும். இப்போதெல்லாம் குக்கர் பக்கம் அவர் வருவதே இல்லை. இதைச் சொல்லும்போது அவர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. எந்த வருடத்திலிருந்து? கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு நன்றாகக் கேட்டதா? ராத்திரி மின்விசிறி இல்லாமல் தூங்குவாரா? ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். காதிரைச்சலை எந்தக் கருவியும் அளந்து காட்டாது. அதை அனுபவிக்கிறவர் சொல்வதும் கூட வாழ்கிறவர் சொல்வதும் சட்டத்தில் செல்லுபடியாகும் சான்று. என் வாக்குமூலம் அப்படித்தான் கோப்பில் ஏறியது, குக்கர் விசிலோடு.

எனக்கு இந்த இடத்தின் மேல் மதிப்பு வரக் காரணமானது அடுத்து நடந்ததுதான். "வேறு ஏதாவது மருந்து எடுக்கிறாரா?" என்று சும்மா கேட்பது போலக் கேட்டாள். அவர் "ஒன்றுமில்லை" என்றார். "இன்ஹேலர்?" என்று நான் ஞாபகப்படுத்தினேன். ராணுவத்திலிருந்து வந்த பிறகு மருத்துவர் ஆஸ்துமா என்று சொல்லி, தினமும் இரண்டு வேளை இழுக்கச் சொல்லியிருந்தார். நியூ இங்கிலாந்து மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பக்ராமில் குப்பை எரித்தார்களா?" என்று கேட்டாள்.

எரித்தார்கள். பிளாஸ்டிக், பெயிண்ட், பேட்டரி என எல்லாவற்றையும் திறந்த குழியில் போட்டு எரித்த தளங்களில் பக்ராமும் ஒன்று. 2022 ஆகஸ்ட் 10-இல் கையெழுத்தான பேக்ட் சட்டம், 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு ஆப்கானிஸ்தானில் பணிபுரிந்தவர்களுக்குப் பின்னால் ஆஸ்துமா கண்டறியப்பட்டால், அது பணியால் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. தொடர்பை நிரூபிக்கிற சுமை நம் தலையில் இல்லை. சட்டம் வந்து ஒரு வருடத்துக்குள், அதாவது 2023 ஆகஸ்டுக்குள், விண்ணப்பித்தவர்களுக்குச் சட்டம் கையெழுத்தான நாளிலிருந்தே கணக்கானது. அந்தக் கெடு இப்போது முடிந்துவிட்டது. விண்ணப்பம் தயாராகாவிட்டாலும், விண்ணப்பிக்கப் போகிறேன் என்று ஒரு சின்னப் படிவம் கொடுத்தாலே தேதி பிடித்துவைக்கப்படும். நாங்கள் போனது 2023 வசந்த செமஸ்டரில். அன்றைக்கே அந்தப் படிவம் போனது.

இப்படி உட்கார்ந்து கேட்க வேறு யாருக்கு நேரம் இருக்கிறது? வெளியே ஒரு வக்கீலிடம் போனால் இந்த வேலைக்கு ஏன் ஆளே கிடைப்பதில்லை என்று அந்த மேற்பார்வை வக்கீலிடம் கேட்டேன். அவர் சொன்ன கதை இது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் வீரர்களின் பென்ஷனை ஏஜெண்டுகள் கொள்ளையடித்தார்கள். அதைத் தடுக்க 1864-இல், ஒரு வழக்குக்குப் பத்து டாலருக்கு மேல் கட்டணம் வாங்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அந்தப் பத்து டாலர் நூறு வருடத்துக்கு மேல் மாறவே இல்லை. 1985-இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. 1988-இல் வந்த சட்டம்தான், இந்த வழக்குகளுக்குத் தனி நீதிமன்றத்தை ஏற்படுத்தி, வக்கீல்களுக்குக் கதவையும் கொஞ்சம் திறந்தது. நல்ல எண்ணத்தில் போட்ட அந்தப் பத்து டாலர் சட்டம், வக்கீல்களையே இந்தத் துறையிலிருந்து விரட்டிவிட்டது. அந்த வெற்றிடத்தில்தான் சட்டக் கல்லூரிகள் வந்து நிற்கின்றன. யேல் சட்டக் கல்லூரியிலும் இது போல ஒரு கிளினிக் இருக்கிறது. வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரியிலும் இருக்கிறது. வருமானத்துக்காக இல்லாமல் படிப்புக்காகச் செய்வதால், ஒரு மாணவருக்குச் சில வழக்குகள்தான். ஒவ்வொரு காகிதத்தையும் படிக்கிறார்கள்.

வி.ஏ. கேட்கிற மருத்துவப் பரிசோதனைக்கு முன்னால் என் கணவரை உட்கார வைத்து ஒத்திகை மாதிரி ஒன்று நடத்தினார்கள். எந்த மருத்துவர் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டாலும் "நல்லா இருக்கேன்" என்று சொல்லிப் பழகிய மனிதர் அவர். அந்த மாணவி கேட்டபோதும் அதையேதான் சொன்னார். "அது மரியாதைக்குச் சொல்வது. பரிசோதகர் அதை அப்படியே எழுதிக்கொள்வார். மோசமான நாள் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள்" என்றாள். பொய் சொல்லவோ கூட்டிச் சொல்லவோ யாரும் சொல்லித் தரவில்லை. இருப்பதைக் குறைக்காமல் சொல்ல மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இந்தப் பாடம் தேவை என்று அப்போதே நினைத்தேன்.

காதிரைச்சலுக்கு மருத்துவர் எழுத வேண்டியிருந்தது ஒரே வரி: பணியால் வந்திருக்க ஐம்பதுக்கு ஐம்பதாவது வாய்ப்பு இருக்கிறது என்று. இரண்டு பக்கமும் தராசு சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் வீரருக்கே என்பது இந்தச் சட்டத்தின் அடிப்படை. ஜெனரேட்டர் மெக்கானிக் வேலையில் எவ்வளவு சத்தம் என்பதற்கு ராணுவ ஆவணம், கூட இருந்த நண்பரின் கடிதம், என் வாக்குமூலம் மூன்றும் சேர்ந்து போயின.

முடிவு வந்தது. ஆஸ்துமாவுக்கு 30 சதவீதம், தினசரி இன்ஹேலருக்கான மருந்துக்கடைப் பதிவுகள் இருந்ததால். காதிரைச்சலுக்கு 10. இரண்டையும் கூட்டினால் 40 என்று நாம் போடுவோம். அவர்கள் கணக்கு வேறு. 100-இல் 30 போக மீதி 70, அந்த 70-இல் 10 சதவீதம் 7, ஆக 37, அதைப் பக்கத்துப் பத்துக்கு ஏற்றி 40. எங்களுக்கு விடை ஒன்றாக வந்தது, நிறையப் பேருக்கு வராது. 30 சதவீதத்தைத் தொட்டால் மனைவி, பிள்ளைகளுக்கும் சேர்த்துத் தொகை கூடும் என்பதையும் அவர்கள்தான் சொன்னார்கள்.

இனி, எதிர்பார்ப்பை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறேன். சட்டக் கல்லூரி கிளினிக்குகள் வருகிற எல்லா வழக்கையும் எடுக்க முடியாது. மாணவர்களும் செமஸ்டர் முடிந்தால் மாறுவார்கள். புது மாணவர் வரும்போது சில விஷயங்களைத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்காக மாணவர்தானே என்று தயங்க வேண்டாம். அவர்கள் வேலை செய்ய நம்மிடம் எழுத்தில் சம்மதம் வாங்குகிறார்கள். பொறுப்பு வக்கீலுடையது. அவசரமாகப் பணம் தேவைப்படுகிறவர்கள் இதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. மாசசூசெட்ஸில் ஒவ்வொரு ஊருக்கும் முன்னாள் ராணுவத்தினருக்கென்று ஒரு அலுவலர் இருக்கிறார். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு மாநிலச் சட்டத்தின் 115-ஆம் அத்தியாயப்படி தருகிற உதவிக்கு முதலில் அவரைப் பார்க்க வேண்டும். நேரடியான விண்ணப்பம் என்றால் அவரோ, அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் ராணுவத்தினர் சங்கங்களோ இலவசமாகவே போட்டுக் கொடுப்பார்கள். சிக்கல் முளைத்த வழக்குகளுக்குத்தான் கிளினிக்.

முக்கியமாக, நல்ல விதமாக விடுவிக்கப்படாதவர்கள் இங்கே போக வேண்டும். ராணுவத்திலிருந்து விடுவிக்கும்போது தருகிற டிடி 214 காகிதத்தில் விடுவிப்பு வகை மோசமாக எழுதப்பட்டால் மருத்துவம், படிப்பு உதவி எல்லாம் கைநழுவிப் போகலாம். மன அதிர்ச்சியால் தவறு செய்து அப்படி வெளியே வந்தவர்கள் பலர். 2014-இல் பாதுகாப்பு அமைச்சராக இருந்த சக் ஹேகல், விடுவிப்பு வகையை மாற்றக் கேட்டு இப்படிப்பட்டவர்கள் போடுகிற மனுக்களைத் தாராளமாகப் பரிசீலிக்க உத்தரவிட்டார். ராணுவத்தின் விடுவிப்பு மறுஆய்வு வாரியத்துக்குப் போக, விடுவித்த நாளிலிருந்து 15 வருடம் வரைதான் அவகாசம். வெட்கப்பட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிற யாரையாவது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். இந்த கிளினிக் அவர்களுக்காகவும் உழைக்கிறது.

போகும்போது டிடி 214, வந்த கடிதங்கள் எல்லாம் தேதியோடு, மருந்துப் பட்டியல், மருந்துக்கடைப் பதிவு, கூட வேலை பார்த்த ஒருவருடைய போன் எண் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். மனைவியோ கணவனோ அம்மாவோ, கூட வாழ்கிற ஒருவரும் போக வேண்டும். நாங்கள் போனபோது என்னை வெளியே காத்திருக்கச் சொல்லவில்லை. அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.