கவுண்டி சிறையில் தம்பி: 182 நாள் பயன்படுத்திய தொலைபேசி, பணக் கணக்கு, கடிதம், சந்திப்பு

2023 பிப்ரவரி 11, சனிக்கிழமை இரவு, வட கலிபோர்னியாவில் என் தம்பி கைதானான். மது அருந்திவிட்டு வண்டி ஓட்டி இன்னொருவரைக் காயப்படுத்தியிருந்தான். அது அவன் செய்த பிழை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, அடிபட்டவரின் நிலையை எண்ணாமல் நான் இதில் ஒரு வரியும் எழுதவில்லை. ஆனால் இங்கே எழுத வந்தது அடுத்த 182 நாள்கள், வெளியிலிருந்து அவனோடு தொடர்பில் இருப்பதற்காக நான் காசு கொடுத்தும் கொடுக்காமலும் பயன்படுத்திய சேவைகள் எப்படி இருந்தன என்பதைப் பற்றி. கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பெயரையும் நிறுவனங்களின் பெயர்களையும் சொல்லப் போவதில்லை.

ஜெயில், பிரிசன் இரண்டையும் நாம் தமிழில் சிறை என்றே சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் அவை வேறு வேறு. பிரிசனை மாநில அரசோ மத்திய அரசோ நடத்துகிறது. கவுண்டி ஜெயிலை ஷெரிஃப் எனப்படும் கவுண்டியின் காவல் தலைவர் நடத்துகிறார், அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் இன்னும் விசாரணை முடியாதவர்கள். இந்த வேறுபாடு தெரியாமல், கலிபோர்னியாவில் சிறை அழைப்புகள் 2023 ஜனவரியிலிருந்து இலவசம் என்ற செய்தியை நம்பி முதல் வாரம் நான் ஏமாந்தேன். அந்தச் சட்டம் மாநிலச் சிறைகளுக்கு மட்டுமே. சான் பிரான்சிஸ்கோ போன்ற சில கவுண்டிகள் தாமாகவே 2020 முதல் அழைப்பை இலவசமாக்கியிருந்தன. எங்கள் கவுண்டி அந்த வகையில் சேரவில்லை.

முதல் இடைஞ்சல் அவன் பெயரே. எங்கள் வீட்டில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. கடவுச்சீட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியிருக்கிறது. ஷெரிஃப் அலுவலக இணையதளத்தின் கைதிகள் தேடலில் தம்பியின் பெயரைக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போட்டேன், இல்லை என்றது. அப்பா பெயரைப் போட்டேன், அதற்கும் இல்லை என்றது. பதிவு செய்தவர் அப்பாவின் நீண்ட பெயரில் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை விட்டிருந்தார். பெயரின் முதல் மூன்று எழுத்தும் பிறந்த தேதியும் கொடுத்துத் தேட வேண்டும் என்பது விடியற்காலை மூன்று மணிக்குத்தான் தோன்றியது. கிடைத்த பதிவு எண்ணைக் கைபேசியில் சேமிப்பதோடு ஒரு தாளிலும் எழுதிவையுங்கள். பணம் போட, கடிதம் எழுத, சந்திப்புக்குப் பதிவு செய்ய, வழக்கறிஞரிடம் பேச என எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்பார்கள்.

கலிபோர்னியாவில் கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். ஆனால் ஞாயிறும் விடுமுறை நாளும் அந்தக் கணக்கில் வராது. திங்கள்கிழமை லிங்கன் பிறந்த நாளுக்காக நீதிமன்றம் மூடியிருந்ததால் அவன் நீதிபதியைப் பார்த்தது புதன்கிழமை. ஜாமீன் தொகை ஒரு லட்சம் டாலர் என்றார்கள். ஜாமீன் முகவருக்கு வழக்கமாகக் கொடுக்க வேண்டிய பத்து சதவீதம், அதாவது பத்தாயிரம் டாலர், வழக்கு எப்படி முடிந்தாலும் திரும்பி வராது. அவனை உள்ளே விட்டுவைப்பதா என்று உறவினர் சிலர் என்னிடம் கோபித்துக்கொண்டார்கள். எங்களிடம் இருந்த பணத்தை வழக்கறிஞருக்கே வைத்துக்கொள்வது என்று அவனும் நானும் சேர்ந்து முடிவு செய்தோம், அதில் இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

அதற்குக் காரணம் அவன் கிரீன் கார்டில் இருந்தது. குடிமகன் அல்லாதவர் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன், குடியேற்ற நிலைக்கு அதனால் என்ன ஆகும் என்பதை வழக்கறிஞர் எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010-இல் படியா எதிர் கென்டக்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சில வகைக் குற்றங்களில் தண்டனை ஓராண்டை எட்டினாலே நாடுகடத்தலுக்கு வழி திறந்துவிடும் என்பதால், கலிபோர்னியா 2015 முதல் சிறுகுற்றங்களுக்கான உச்சத் தண்டனையை 364 நாளாகக் குறைத்து வைத்திருக்கிறது. எங்கள் வழக்கறிஞர் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரையும் கலந்துகொண்டு பேசி வாங்கித் தந்ததும் அந்த 364 நாள்தான். நன்னடத்தைக் கழிவு போக அதில் பாதி. அந்த ஒரு நாள் குறைவுக்காகக் கொடுத்த பணம்தான் இந்தக் கதையிலேயே உருப்படியான செலவு.

இனி தொலைபேசி. உள்ளே இருப்பவரை நாம் அழைக்க முடியாது, அவர்தான் நம்மை அழைக்க வேண்டும். முதல் நாள் அவன் மூன்று முறை அழைத்திருக்கிறான். என் கைபேசி அதைத் தொல்லை அழைப்பு என்று முடிவு கட்டி ஓசையின்றி ஒதுக்கிவிட்டது. தெரியாத எண்களைத் தடுக்கும் அமைப்பை உடனே அணைத்துவிடுங்கள். எடுத்ததும் இது சிறையிலிருந்து வரும் அழைப்பு, பதிவு செய்யப்படுகிறது என்று இயந்திரக் குரல் சொல்லும். எண்ணை அழுத்தி ஏற்றால் பதினைந்து நிமிடம். பதினான்காவது நிமிடத்தில் ஒரு மணி ஒலிக்கும், பிறகு எந்தச் சொல்லின் நடுவில் இருந்தாலும் துண்டித்துவிடும்.

கட்டணத்தில் எனக்குக் கிடைத்த பாடம் இது. கலிபோர்னியாவின் பொதுப் பயன்பாட்டு ஆணையம் 2021-இல் மாநிலத்துக்குள் செய்யும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 7 சென்ட் என உச்சவரம்பு வைத்தது. என் கைபேசி எண்ணோ நியூ ஜெர்சியில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. ஆகவே பக்கத்து ஊரில் உட்கார்ந்திருந்த என்னிடம், மாநிலம் விட்டு மாநிலம் பேசும் அழைப்புக்கு அப்போது சிறிய ஜெயில்களில் அனுமதிக்கப்பட்டிருந்த 21 சென்ட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பதினைந்து நிமிடத்துக்கு 3.15 டாலர். உள்ளூர் எண் ஒன்று வாங்கியதும் அதே அழைப்பு 1.05 டாலரானது. நாளைக்கு இரண்டு அழைப்பு என்று ஆறு மாதத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 1,147 டாலருக்கும் 382 டாலருக்கும் உள்ள வேறுபாடு. இதை அந்த நிறுவனம் எங்கும் சொல்லவில்லை. சந்திப்பு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி சொன்னார்.

சிறை அழைப்புக் கட்டணங்களை எதிர்த்து 2003-இல் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்திடம் மனுக் கொடுத்தவர் மார்த்தா ரைட் என்ற பாட்டி. சிறையிலிருந்த பேரனோடு பேசும் செலவு தாங்காமல் தொடங்கியவர். அவர் பெயரிலான சட்டம் கையெழுத்தானது 2023 ஜனவரியில், அவர் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின். அதன்படி 2024-இல் ஆணையம் ஜெயிலின் அளவைப் பொறுத்து 6 முதல் 12 சென்ட் வரை உச்சவரம்பு வைத்து, கணக்கில் பணம் போடுவதற்கான துணைக் கட்டணங்களையும் நீக்கியது. பிறகு 2025 ஜூனில் அதைத் தள்ளிப்போட்டது, அக்டோபரில் உச்சவரம்பை உயர்த்தவும் வாக்களித்தது. ஆகவே நான் சொல்லும் தொகைகளை 2023-இன் கணக்காக மட்டும் கொள்ளுங்கள்; உங்கள் கவுண்டியின் இன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கைப் பற்றித் தொலைபேசியில் பேசவே கூடாது என்பதை வழக்கறிஞர் முதல் நாளே சொன்னார். தமிழில்தானே பேசுகிறோம், யாருக்குப் புரியப் போகிறது என்று நான் கேட்டதற்கு, பதிவு இருக்கும்வரை மொழிபெயர்ப்பாளரும் இருப்பார் என்றார். ஆகவே நாங்கள் பேசியதெல்லாம் சோறு, தூக்கம், கும்பகோணத்தில் அம்மாவின் முழங்கால். அம்மாவிடம் நேராகப் பேசவைக்கவும் வழியில்லை. மூன்றாவது ஆளை இணைத்தால் அழைப்பு அறுந்துவிடும், அவனுடைய தொலைபேசி உரிமையையும் பறிக்கலாம். அம்மாவிடம் ஒன்பது நாள் அலுவலகப் பயணம் என்று பொய் சொன்னோம். பத்தாம் நாள் உண்மையைச் சொன்னபோது, "எட்டு நாளா நீ மூச்சு வாங்குறதுலயே தெரிஞ்சுதுடி" என்றாள்.

இரண்டு அழைப்பும் நாள்தோறும் ஒரே நேரத்தில்: காலை எட்டரை, இரவு ஏழு. நினைத்தபோதெல்லாம் அவன் அழைத்த முதல் மாதத்தைவிட, நேரம் குறித்துக்கொண்ட பிறகு அவன் குரல் தெளிந்ததைக் கண்கூடாகக் கேட்டேன் என்றே சொல்வேன். உள்ளே எந்த நேரமும் அவன் கையில் இல்லை. அந்த இரண்டு மட்டும் இருந்தன.

தம்பிக்குச் சர்க்கரை நோய். மருத்துவப் பிரிவை அழைத்தால், நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் எதையும் சொல்ல முடியாது என்பார்கள். அதோடு போனை வைத்துவிடாதீர்கள். அவர்கள் சொல்லக் கூடாதே தவிர, நாம் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம். கலிபோர்னியாவின் பல கவுண்டிகளில் குடும்பத்தார் நிரப்பித் தொலைநகலில் அனுப்புவதற்கென்றே மருந்துத் தகவல் படிவம் இருக்கிறது. மருந்தின் பெயர், அளவு, மருந்துக்கடையின் தொலைபேசி எண், கடைசியாக எப்போது சாப்பிட்டான் என்பதை எழுதி அனுப்பினேன். மெட்ஃபார்மின் நான்காம் நாள் வந்தது. அதற்கு முன் மூன்று நாள் போனது போனதுதான்.

உணவில் இன்னொரு சிக்கல். சைவ உணவு வேண்டுமென்றால் சிறைச் சமயப் பணியாளரிடம் படிவம் கொடுக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று கைதிகளின் சமய உரிமைக்குப் பாதுகாப்பு தருகிறது, அதைக் குறிப்பிட்டு எழுதச் சொன்னேன். மூன்று வாரத்தில் கிடைத்தது. ஆனால் அதன் பிறகு சிறைக் கடையான கமிசரியில் மாட்டிறைச்சிச் சுவை, கோழிச் சுவை நூடுல்ஸ் வாங்கினால், இவர் உண்மையான சைவர் அல்ல என்று உணவை நிறுத்திவிடலாம். அங்கே நூடுல்ஸைச் சூப் என்கிறார்கள், அதுதான் உள்ளே நாணயம். முடிவெட்ட இரண்டு சூப், தபால்தலைக்கு ஒரு சூப். பண்டமாற்றுக்காகக் கூட அதை வாங்க முடியாமல் இவன் காபித்தூளில் வியாபாரம் செய்தான்.

கமிசரி என்பது வாரம் ஒருமுறை பட்டியல் கொடுத்து வாங்கும் சிறைக் கடை. முதல் வாரத்தில் பணம் போடுவது மிக முக்கியம்: குளியலறைச் செருப்பு, நல்ல சோப்பு, உள்ளாடை, எழுதுதாள் எல்லாம் அதில்தான் வாங்க வேண்டும். அதன் பிறகு வாரம் 30 டாலர் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அதிகம் போட்டால் அதிக அன்பு என்று நினைத்து நான் ஒருமுறை 120 டாலர் போட்டேன். அவனிடம் நிறைய இருக்கிறது என்று மற்றவர்கள் கடன் கேட்கத் தொடங்கினார்கள், "அக்கா, இனிமே இவ்வளவு போடாத" என்று அவனே சொல்லிவிட்டான்.

டேப்லெட்டில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஒவ்வொரு செய்திக்கும் காசு, தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாகத் தெரிந்தது, பத்து நாளில் விட்டுவிட்டேன். வீட்டிலிருந்து செய்யும் காணொளிச் சந்திப்பையும் மூன்று முறைக்கு மேல் முயலவில்லை; படம் உறைந்த நிமிடங்களுக்கும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார்கள்.

கடிதம் வேறு. எங்கள் கவுண்டியில் கடிதங்கள் நேராகச் சிறைக்குப் போவதில்லை. வெளிமாநில முகவரிக்கு அனுப்ப, அங்கே ஸ்கேன் செய்து, அச்செடுத்த நகலைக் கொடுப்பார்கள். அம்மா தன் கையால் எழுதி எனக்கு அனுப்பிய கடிதத்துக்குள் ஒரு காகித மடிப்பில் விபூதி வைத்திருந்தாள். அதை அப்படியே உறையிலிட இருந்தேன். நல்லவேளை, அதற்கு முன் சமயப் பணியாளரிடம் கேட்டேன். கடிதத்தில் எந்தப் பொடி விழுந்தாலும் நச்சுப் பொருளென்று அந்த அறையையே மூடிவிடுவார்கள் என்றார். விபூதி என் வீட்டுச் சாமி மாடத்திலேயே ஆறு மாதம் இருந்தது. கடிதத்தின் நகல் மட்டும் அவனிடம் போனது, பதினேழு நாள் கழித்து, ஓரத்தில் ஒரு வரி வெட்டுப்பட்டு. அந்த வெட்டுப்பட்ட வரியை நான் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். புத்தகமென்றால் புதியதாக, சாதா அட்டையில், விற்பனையாளரிடமிருந்தே நேராக வர வேண்டும். நான் அனுப்பியவற்றில் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்று திரும்பி வந்தது.

நேரில் பார்ப்பது வாரம் இரண்டு முறை, அரை அரை மணி, கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், கையில் ரிசீவர். இதற்குக் கட்டணம் இல்லை, மற்ற எல்லாவற்றையும்விட இதுவே மேல். முதல் தடவை சல்வார் போட்டுப் போனேன். துப்பட்டாவை வண்டியில் வைத்துவிட்டு வரச் சொன்னார்கள். பை, கைபேசி எல்லாம் பெட்டகத்தில். அடையாள அட்டையும் சாவியும் மட்டும் கையில். இரண்டு முறை வரிசையின் முனைவரை வந்தபின், உள்ளே ஏதோ தகராறு என்று சந்திப்பை ரத்து செய்து அனுப்பிவிட்டார்கள். கிளம்புவதற்கு முன் அலுவலகத்தை ஒருமுறை அழைத்துக் கேட்பது அதற்குப் பின் வந்த பழக்கம்.

விடுதலைத் தேதி ஆகஸ்ட் 12. நேரம் சொல்ல மாட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்காக 1994-இல் கென்டக்கியில் தொடங்கிய வைன் என்ற அறிவிப்புச் சேவையில் யாரும் எண்ணைப் பதிந்துகொள்ளலாம், பதிந்திருந்தேன். நள்ளிரவு கடந்து 12:50-க்குச் செய்தி வந்தது. 1:40-க்கு அவன் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தான், பிப்ரவரியில் போட்டிருந்த அதே குளிர் மேலங்கியோடு, கையில் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் பை. கைபேசி எப்போதோ உயிர் விட்டிருந்தது. நான் போயிருக்காவிட்டால் அந்த நேரத்தில் அங்கே பேருந்து ஒன்றும் இல்லை.

கமிசரிக் கணக்கில் மீந்த 14 டாலரை ரொக்கமாகத் தராமல் ஓர் அட்டையில் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். அதன் பின்பக்கத்துச் சிறிய எழுத்தை வண்டி விளக்கில் இருவருமாகப் படித்தோம்: மூன்று நாளுக்குப் பிறகு வாரக் கட்டணம், இருப்பைப் பார்க்கவும் கட்டணம். அடுத்த பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தி, இரண்டு காபி, ஒரு வாழைப்பழம், ஒரு கைபேசிக் கம்பி வாங்கி அதை அன்றே தீர்த்துவிட்டோம்.