அரிப்புக்கு யார் காரணம்: ஒவ்வாமையா, எரிச்சலூட்டியா?

எக்ஸிமா என்ற தோல் அழற்சி உள்ளவருக்குத் தோல் சிவந்து அரித்தால் உடனே வரும் பேச்சு, "ஏதோ அலர்ஜி". பாதி நேரம் பழி தவறான ஆள் மேல்தான் விழுகிறது.

எரிச்சலூட்டி என்றால் சோப்பு, டிடர்ஜென்ட், வியர்வை, கம்பளி, ஏன், திரும்பத் திரும்பப் படும் வெறும் தண்ணீர்கூடத்தான். ஒவ்வாமை இல்லாமலே இவை தோலின் மேலடுக்கை நேராகக் கெடுக்கும். தோல் லேசான அமிலத்தன்மை உடையது. சாதாரண சோப்புக்கட்டியோ அதற்கு நேரெதிர், காரத்தன்மை உடையது; அமில-கார அளவான பிஹெச் அதில் 9, 10 என்று இருக்கும். எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதே இங்கே கணக்கு. நாள் முழுக்கப் பாத்திரம் கழுவினால் யார் கையும் வெடிக்கும். எக்ஸிமா தோல் அதற்கு வெகு முன்பே வெடித்துவிடும். பலருக்குத் தோலின் காப்பு அடுக்கைக் கட்டும் ஃபிலாக்ரின் என்ற புரதம் குறைவு. அதன் மரபணுக் குறைபாட்டுக்கும் எக்ஸிமாவுக்கும் உள்ள தொடர்பு 2006-ல் வெளிவந்தது.

ஒவ்வாமைப் பொருள் வேறு ரகம். நிக்கல், வாசனைப் பொருட்கள், ஹேர் டையில் வரும் பிபிடி என்ற ரசாயனம் ஆகியவை முதலில் சத்தமே காட்டாது. பல வருடம் ஒத்துப்போன கிரீம்கூட ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். உடல் ஒருமுறை அடையாளம் வைத்துக்கொண்டால் அப்புறம் துளி பட்டாலே போதும். அதிலும் அரிப்பு வர ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். திங்கட்கிழமை பூசியதற்குப் புதன்கிழமை அரிக்கும். நாமோ செவ்வாய்க்கிழமை சாப்பிட்டதைச் சந்தேகித்துக்கொண்டிருப்போம்.

இதற்குப் பேட்ச் டெஸ்ட் உண்டு. சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், ஓரிரு நாள் விட்டு மறுபடியும் பார்ப்பார்கள். எரிச்சலூட்டியைக் காட்டிக்கொடுக்க அப்படிச் சோதனை கிடையாது. விலக்கிப் பார்ப்பதுதான் வழி.

இரண்டும் கூட்டாளிகளும்கூட. சோப்பு உடைத்த சுவர் வழியாகத்தான் ஒவ்வாமைப் பொருள் சுலபமாக உள்ளே நுழைகிறது. தூசியில் வாழும் நுண்பூச்சியின் கழிவோ ஒரே ஆளாக இரண்டு வேலையும் செய்கிறது: அதிலுள்ள நொதி தோலின் காப்பு அடுக்கையும் சிதைக்கும், ஒவ்வாமையையும் கிளப்பும்.

சரி, முதலில் எதைச் சந்தேகிப்பது? என் ஓட்டு எரிச்சலூட்டிக்குத்தான். ஏதாவது பட்டுத் தோலில் வரும் அழற்சியில் பெரும்பங்கு அதனால்தான் வருகிறது, விலக்கிப் பார்க்கச் செலவும் இல்லை. மென்மையான கிளென்சர், கையுறை, தாராளமாக மாய்ஸ்சரைசர் என்று சில வாரம் இருந்து பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால், முக்கியமாக மருந்து பூசிய இடமே மோசமானால், பேட்ச் டெஸ்ட் கேளுங்கள். அதுவரை "அன்சென்டட்" (வாடையற்றது) என்ற லேபிளை நம்ப வேண்டாம்; வாடையை மறைக்கவே அதில் வாசனைப் பொருள் சேர்த்திருக்கலாம். "ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ" (வாசனைப் பொருள் சேர்க்காதது) என்று இருப்பதை எடுங்கள்.