அபூர்வ மது என்று ஊற்றிக் கொடுத்தார்கள்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

எங்கும் எளிதில் கிடைக்காத ஒயின்களையும் ஸ்பிரிட்களையும் ஒரே மாலையில் ருசி பார்க்கலாம் என்ற அழைப்பை நம்பிப் பணம் கட்டினேன். போய் நன்றாக ஏமாந்து திரும்பினேன். அதே ஆட்கள் அடுத்த சுற்றுக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்று தெரிந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். அவர்கள் பெயரை எழுதப் போவதில்லை. பெயரை மாற்றிக்கொண்டு வர அவர்களுக்கு ஒரு நாள் போதும். எப்படி ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொண்டால், எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

எனக்குப் பழகிய பானத்தைவிடப் பழகாததின் மேல்தான் ஆசை. நிறையக் குடிக்கும் ஆள் இல்லை. ஒரு மடக்கை வாயில் வைத்துக்கொண்டு, இது எந்த மண், எந்தப் பழம், எத்தனை வருடம் என்று யோசிப்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ருசித்ததை எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பேன். அந்த அழைப்பில் இருந்த நான்கு பெயர்களும் பல வருடங்களாக என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'ஒரு நாள் ருசிக்க வேண்டியவை' என்ற தலைப்பின் கீழ் காத்திருந்தவை. பிரான்சின் ஜூரா பகுதியின் வின் ஜோன் என்ற ஒயின், ஹங்கேரியின் டோக்காய் எசென்சியா என்ற இனிப்பு ஒயின், பிரான்சில் தடை வருவதற்கு முந்தைய அப்சிந்த் என்ற மூலிகை மது, மெக்சிகோவில் டோபாலா என்ற அகாவே (கற்றாழை போன்ற) செடியில் காய்ச்சும் மெஸ்கால். பார்த்ததுமே பணத்தை அனுப்பிவிட்டேன். முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

உள்ளே போனபோது கிளாஸ்கள் எல்லாம் ஏற்கெனவே ஊற்றி வைக்கப்பட்டிருந்தன. பாட்டில்கள் தூரத்தில் ஒரு மேசையில், விளக்கு வெளிச்சத்தில், காட்சிக்கு வைத்ததுபோல நின்றன. சீல் உடைத்ததை யாரும் பார்க்கவில்லை. இருபது பேர் இருந்திருப்போம். ஒருவர்கூடக் கேட்கவில்லை, நானும்தான்.

முதல் கிளாஸ் வின் ஜோன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எனக்கு அதிகம் வலித்தது இதுதான். சவாஞ்யன் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்வது இது. பீப்பாயில் ஊற்றிவிட்டு, ஆவியாகிக் குறைவதை மேலே நிரப்பாமல் அப்படியே விட்டுவிடுவார்கள். ஒயினின் மேல் ஈஸ்ட் மெல்லிய ஆடையாகப் படரும். அந்த ஆடைக்கு அடியில் அது வருடக்கணக்கில் கிடக்கும். அறுவடைக்குப் பிறகு ஆறு வருடத்துக்கு மேல் ஆகித்தான் விற்பனைக்கு வரும். ஒரு லிட்டர் ஒயினில் ஆவியானது போக மிஞ்சுவது இவ்வளவுதான் என்று சொல்லி, 62 சென்டிலிட்டர் கொள்ளும் கட்டை குட்டையான ஒரு பாட்டிலில் அடைப்பார்கள். கிளாவ்லன் என்பது அந்தப் பாட்டிலின் பெயர். வின் ஜோன் அந்தப் பாட்டிலில்தான் வரும்.

அன்று அந்த மேசையில் நின்றது சாதாரண 75 சென்டிலிட்டர் ஒயின் பாட்டில். இதெல்லாம் படித்துத் தெரிந்தவன்தான் நான். ஆனாலும் அந்த நேரத்தில் கண்ணில் படவில்லை. முதல்முறை ருசிக்கப் போகிறோம் என்ற பரபரப்பு கண்ணை மறைத்துவிட்டது.

கிளாஸை மூக்கருகே கொண்டுபோனால் வினிகர் வாடை. திறந்து பல நாள் வெளியே கிடந்து கெட்டுப்போன மலிவான வெள்ளை ஒயின்போல இருந்தது, அதுவேதான் என்று இப்போது நினைக்கிறேன். "இது இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டேன். ஏற்பாட்டாளர் சிரித்தபடி, "காற்றுப் பட்டு முதிர்ந்த ஒயின் சார், முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் தோன்றும். நாக்கு பழக வேண்டும்" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன்.

தயவுசெய்து இந்த ஒரு வசனத்தை நினைவில் வையுங்கள்: "நாக்கு பழக வேண்டும்." மொத்த ஏமாற்றும் இதன் மேல்தான் நிற்கிறது. எல்லோருக்கும் தெரிந்த விஸ்கியில் கலப்படம் செய்தால் குடிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். யாருமே ருசித்திராத பானத்தில் எதை ஊற்றினாலும், விசித்திரமாக இருப்பதுதானே அதன் குணம் என்று சொல்லிவிடலாம். ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் எதுவும் இல்லை. அதிலும் விவரம் தெரியாதவர் என்று மற்றவர்கள் நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் வாயை அடைத்துவிடுகிறது.

அடுத்தது எசென்சியா. பூஞ்சை பிடித்துச் சுருங்கிய திராட்சைகளைக் குவித்து வைத்தால், பிழியாமலே அவற்றின் சொந்த எடையில் சொட்டுச் சொட்டாக வடியும் சாறு இது. லிட்டருக்குக் குறைந்தது 450 கிராம் சர்க்கரை இருக்க வேண்டும் என்பது விதி. அவ்வளவு இனிப்பில் ஈஸ்டால் எளிதில் வேலை செய்ய முடியாது. புளிக்கவே வருடக்கணக்கில் ஆகும், ஆல்கஹாலும் மிகக் குறைவாகவே இருக்கும். தேன்போலக் கெட்டியாக இருப்பதால் கரண்டியில் கொடுப்பார்கள். எங்களுக்குக் கிடைத்ததோ கிளாஸில் பாதி, தண்ணீர்போல ஓடுகிற ஓர் இனிப்பு ஒயின். தொண்டையில் ஆல்கஹாலின் சூடு தெளிவாகத் தெரிந்தது. அத்தனை அரிய பொருளை இருபது பேருக்கு இவ்வளவு தாராளமாக ஊற்ற யாரால் முடியும்? இங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டத் தொடங்கியது.

அப்சிந்தில் சந்தேகமே தேவைப்படவில்லை. அதை பிரான்ஸ் தடை செய்தது 1915-இல். அதற்கு முந்தைய பாட்டில் என்றால் நூறு வருடத்துக்கு மேல் பழையது. மூலிகைகளின் பச்சையம்தான் பச்சை அப்சிந்துக்கு நிறம் தருகிறது. செடியின் பச்சை காலப்போக்கில் வாடும். அவ்வளவு பழைய அப்சிந்த் காய்ந்த இலையின் பழுப்புக்கு வந்திருக்க வேண்டும். எங்கள் முன்னால் இருந்தது மரகதம்போல மின்னும் பச்சை. சாயத்தைத் தவிர வேறு எதற்கும் அந்த நிறம் வராது.

சர்க்கரைக் கட்டியை அதில் நனைத்து, விளக்கை அணைத்துவிட்டு, தீ வைத்துக் காட்டினார்கள். எல்லாரும் போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். அந்தக் காலத்தில் அப்சிந்தைக் குடித்த முறையே வேறு. துளையிட்ட கரண்டியில் சர்க்கரையை வைத்து, அதன் மேல் குளிர்ந்த தண்ணீரைத் துளித்துளியாக விடுவார்கள். தீ வைக்கும் பழக்கம் 1990-களில் செக் நாட்டு பார்களிலிருந்து பரவியது. தீ அணைந்த பிறகு என் கிளாஸில் நானே தண்ணீர் விட்டுப் பார்த்தேன். நல்ல அப்சிந்தில் சோம்பு வகைகளின் எண்ணெய் கரைந்திருக்கும். ஆல்கஹால் அதிகமாக இருக்கும்வரை அது கரைந்தே இருக்கும். தண்ணீர் சேர்ந்ததும் நுண்ணிய துளிகளாகப் பிரிந்து, கிளாஸ் முழுக்கப் பால்போல வெளுக்கும். என் கிளாஸில் பச்சைத் தண்ணீர் கொஞ்சம் வெளிறிய பச்சைத் தண்ணீராக மாறியது, அவ்வளவுதான்.

மெஸ்கால் வந்தபோது எழுந்து அந்த மேசைக்கே போனேன். பாட்டிலின் அடியில் ஒரு புழு. புழு இருந்தாலே போலி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த விற்பனை உத்தி. காட்டில் பத்து வருடத்துக்கு மேல் வளர்ந்த டோபாலா செடியை வெட்டிக் காய்ச்சும் யாரும் அதில் புழுவை மிதக்கவிட்டு ஆள் பிடிக்க மாட்டார்கள். மெஸ்கால் லேபிளில் 100 சதவீதம் அகாவே என்ற குறிப்பு, எந்தச் செடி, எந்த மாநிலம் என்பதெல்லாம் இருக்க வேண்டும். இதில் ஒரு பெயரும் ஒரு படமும் மட்டுமே. திருப்பிப் பார்க்கக் கையில் எடுத்ததும் ஏற்பாட்டாளரின் உதவியாளர் ஓடி வந்து வாங்கிக்கொண்டார். "பழைய பாட்டில், கை வைக்காதீர்கள்" என்றார். மூடி பழையதாக இல்லை, புத்தம் புதிதாக இருந்தது.

கடைசியில் 'அழைப்பில் இல்லாத ஆச்சரியம்' என்று லேபிளே இல்லாத ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார்கள். ஏதோ மலைக் கிராமத்தில் ஒரு குடும்பம் தங்களுக்காகக் காய்ச்சியது என்றார்கள். நான் தொடவில்லை. பக்கத்தில் இருந்த இருவரையும் தடுத்தேன். மற்றவர்கள் குடித்தார்கள், என் நல்ல நேரமோ அவர்களுடையதோ, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும், இதுதான் பெரிய ஆபத்து. மெத்தனால் என்ற விஷ ஆல்கஹால் கலந்திருந்தால் வாசனையிலோ ருசியிலோ யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் முடியாது. கொளுத்திப் பார்த்தால் தெரியும் என்பதையும் நம்பாதீர்கள். உடலுக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும். அறிகுறிகள் தெரியவே அரை நாள், ஒரு நாள்கூட ஆகலாம். இத்தாலியில் 1986-இல் மெத்தனால் கலந்த ஒயினைக் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங்கில் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். குடித்த மறுநாள் பார்வை மங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, வயிறு கடுமையாக வலித்தாலோ, போதை தெளியாததுதான் காரணம் என்று படுத்துக் கிடக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முறிமருந்து உண்டு, ஆனால் நேரத்தோடு போனால்தான் பலன்.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். பாட்டிலின் அளவு, அப்சிந்தின் நிறம், லேபிளில் இல்லாத விவரங்கள் எல்லாவற்றையும் படங்களோடு அனுப்பினேன். "ருசி அவரவர் நாக்கைப் பொறுத்தது" என்று ஒரு வரி பதில் வந்தது. 62-க்கும் 75-க்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அப்புறம் பதிலே இல்லை, என் எண்ணையும் தடுத்துவிட்டார்கள்.

ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பதை அன்று வந்திருந்த மற்றவர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். 2008-இல் நியூயார்க்கில் ஓர் ஏலத்துக்கு, பிரான்சின் பர்கண்டி பகுதியில் ஒயின் செய்யும் பான்சோ குடும்பத்தின் கிளோ சாந்தெனி தோட்டத்து ஒயின்கள் 1945 முதல் 1971 வரையிலான வருடங்களைப் போட்டு வந்தன. அந்தத் தோட்டத்து ஒயினை அவர்கள் செய்யத் தொடங்கியதே 1982-இல்தான். லோரான் பான்சோ நேரில் போய் நின்று அவற்றை விலக்க வைத்தார். அவற்றை அனுப்பிய ரூடி குர்னியவான் பெரிய பெரிய சேகரிப்பாளர்களின் நாக்கை எல்லாம் ஏமாற்றியவர். 2014-இல் அவருக்குப் பத்து வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. 2017-இல் சுவிட்சர்லாந்தில் ஒரு ஹோட்டலில் 1878-ஆம் வருடத்து மெக்காலன் ஸ்காட்ச் விஸ்கி என்று ஒரே ஒரு கிளாஸுக்கு ஏறக்குறைய 10,000 பிராங்க் கொடுத்தார் ஒருவர். கார்பன் சோதனையில் அது 1970-72 வாக்கில் செய்யப்பட்டது என்று தெரிந்தது. அந்த ஹோட்டல் தாங்களும் ஏமாந்ததை ஒப்புக்கொண்டு பணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தது. நேர்மையாக நடப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

இரண்டு சம்பவத்திலும் பொய்யைக் காட்டிக் கொடுத்தது நாக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள். தேதியும் ஆய்வுக்கூடமும்தான். அதனால் போவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, அந்தப் பானத்தின் பாட்டில் எப்படி இருக்கும், எவ்வளவு கொள்ளும், லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும், எந்த நிறம் என்று படித்துக் குறித்துக்கொண்டு போங்கள். எங்கள் முன்னால் சீலை உடைப்பீர்களா என்று பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேளுங்கள். நேர்மையான ஆள் சந்தோஷமாகச் சம்மதிப்பார். கார்க்கைக் கையில் கொடுப்பார், பாட்டிலை வரிசையாகச் சுற்றிவர விடுவார். நான் போன நல்ல நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது. முடிந்ததும் காலி பாட்டில்கள் எங்கே போகின்றன என்றும் பாருங்கள். அரிய மதுவின் காலி பாட்டிலை விலை கொடுத்து வாங்குபவர்கள் அதில் எதையோ ஊற்றத்தான் வாங்குகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் கழித்து, ஒரு நண்பர் தான் பத்திரமாக வைத்திருந்த கிளாவ்லன் ஒன்றைத் திறந்தார். மூடியின் மேல் மெழுகு உடைந்து விழுவதைப் பார்த்தேன். கிளாஸில் பொன் நிறம். மூக்கில் வால்நட், காய்ந்த ஆப்பிள், அதோடு தெளிவான வெந்தய வாசனை. வெந்தயத்தில் இருக்கும் சோட்டோலான் என்ற அதே பொருள் இந்த ஒயினிலும் உருவாகிறது. விழுங்கிய பிறகு அந்த ருசி வாயில் நின்றுகொண்டே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வாரமாக, "வின் ஜோன் எனக்கு ஒத்துவராது, அதை விட்டுவிட்டேன்" என்று பார்த்தவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பர் கூப்பிட்டபோதுகூட வரவில்லை என்று சொல்லப் பார்த்தேன். அவர் வற்புறுத்தாமல் இருந்திருந்தால் வாழ்நாள் முழுக்க இதைத் தள்ளியே வைத்திருப்பேன். பணத்தைவிட இதற்குத்தான் அவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். அந்த இருபது பேரில் எத்தனை பேர் இன்னும் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்களோ.

அன்று வந்திருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் போனில் இருக்கும் படங்களை அழிக்க வேண்டாம். அந்த மேசையைப் படம் பிடித்திருந்தால் பாட்டிலின் அளவு அதில் தெரியும். புகாரைச் சேர்ந்து கொடுக்கலாம் என்று ஐந்து பேர் முன்வந்திருக்கிறோம். அடுத்த சுற்றுக்குப் பணம் கட்டிவிட்டவர்கள், நிகழ்ச்சி நாள்வரை காத்திருக்காமல் இன்றே திருப்பிக் கேளுங்கள். போகத்தான் போகிறீர்கள் என்றால், லேபிள் இல்லாத அந்தக் கடைசி பாட்டிலை மட்டுமாவது குடிக்காதீர்கள்.