முறிகண்டிக் கச்சானும் நான் பொறுக்காத கால் மணி நேரமும்

இலங்கையின் வடக்கே ஏ9 வீதியில் மாங்குளத்தைக் கடந்து கிளிநொச்சி நோக்கிச் செல்லும் எவரும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் இறங்கிக் கற்பூரம் கொளுத்தாமல் போவதில்லை; இறங்கியவர் கச்சான் (நிலக்கடலை) வாங்காமல் ஏறுவதும் அரிது. கோயிலைச் சூழ்ந்துள்ள கச்சான் கடைகளில் ஒன்றைப் பற்றியே எழுதுகிறேன்.

கடையை நடத்தும் அம்மா கோதுடன் கூடிய கச்சானைத் தாச்சியில் சுடுமணலோடு கொட்டி, கை ஓயாமல் கிளறுகிறார். மணல் சூட்டை எல்லாப் பக்கமும் ஒரே அளவில் கொடுப்பதால் கோது கருகாமல் உள்ளிருக்கும் பருப்பு வறுபடுகிறது. இறக்கிய உடனே தின்றால் பருப்பு சற்று மென்மையாகத்தான் இருக்கும். சூடு ஆற ஆறவே அது மொறுமொறுப்பாகும் என்பதால், வாங்கியபின்னும் சிறிது நேரம் பொறுத்திருக்க வேண்டும். சூட்டோடு பொதி செய்து தொங்கவிட்டிருந்த பைகளில் ஒன்றையும் வாங்கிப் பார்த்தேன். உள்ளே வியர்த்து நமுத்துப் போயிருந்தது. அதை வாங்க வேண்டாம்.

2006 ஆடி மாதத்தில், கொழும்புக்குத் திரும்பிய என்னை வழியனுப்ப என் தந்தையாகிய ஐயா வட்டக்கச்சியிலிருந்து இவ்விடம்வரை கூடவே வந்தார். தேங்காய் உடைத்தபின், "தம்பி, அடுத்த வறுவல் இறங்கட்டும், பொறுத்துப் போவன்" என்றார். புலிகளின் பகுதிக்கும் அரச பகுதிக்கும் இடையிலான ஓமந்தைச் சோதனைச்சாவடி மூடிவிடும் என்ற பதற்றத்தில், பையில் இருந்ததையே வாங்கிக்கொண்டு வாகனத்தில் ஏறிவிட்டேன். ஓமந்தையை அடைந்தபோது நேரம் தாராளமாக மீதமிருந்தது. போர் மூண்டு, ஓகஸ்டில் பாதை மூடப்பட்டது. 2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இடம்பெயர்ந்து சென்ற வழியில் ஐயா இறந்தார்; நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

வாழ்க்கையை மறுபடியும் வாழக் கிடைத்தால் எதை மாற்றுவேன் என்று பல ஆண்டுகளாக எண்ணியிருக்கிறேன். போரும் பாதை மூடலும் என் கையில் இருக்கவில்லை. அவற்றுக்காக அழுதிருக்கிறேனே தவிர, என்னை நொந்துகொண்டதில்லை. அந்தக் கால் மணி நேரம் மட்டும் முழுவதும் என் கையில் இருந்தது. அதனால் அது ஒன்றுதான் இன்றுவரை ஆறவில்லை.

சென்ற மாதம் அந்தக் கடையின் வாங்கில் அமர்ந்து வறுவல் இறங்கும்வரை காத்திருந்தேன். அம்மா சுண்டு என்னும் சிறு அளவையால் அளந்து கடதாசிச் சுருளில் இட்டபின், கேட்காமலே ஒரு பிடி மேலே வைத்தார். உப்பு அளவாக இருந்தது. சொத்தைப் பருப்பு இரண்டோ மூன்றோதான். நிழல் போதாது என்பதைத் தவிர வேறு குறை சொல்வதற்கில்லை.

பெற்றோருடன் அவ்வழியே செல்பவர்கள், வறுவல் இறங்கும்வரை வாகனம் புறப்படாது என்று தேங்காய் உடைக்கும்போதே சாரதியிடம் சொல்லிவையுங்கள்.