2 ஜிபி மடிக்கணினியில் ஆன்டிஎக்ஸ்: இரண்டு ஆண்டு அனுபவம்

பழைய மடிக்கணினிக்கு எந்த இயங்குதளத்தைப் போடலாம் என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார். ஆன்டிஎக்ஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் பெயர் நாவின் நுனிவரை வந்தும் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என்னுடையது இன்டெலின் ஆட்டம் என்ற சிறு செயலியும் 2 ஜிபி ரேமும் கொண்ட கணினி. ரேமைக் கூட்ட அதில் வழியில்லை. முதலில் லுபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். 18.10 பதிப்பில் எல்எக்ஸ்டிஇ என்ற டெஸ்க்டாப் சூழலை விட்டு எல்எக்ஸ்க்யூட்டி என்ற சூழலுக்கு மாறிய லுபுண்டு ஒழுங்கான இயங்குதளம்தான் என்றாலும், என் கணினிக்கு அதனினும் மெலிந்த ஒன்று தேவைப்பட்டது. ஆன்டிஎக்ஸ் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் நிலையான பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. கணினி தொடங்கும்போது சேவைகளை இயக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் அதில் இல்லை. முழு டெஸ்க்டாப் சூழலுக்குப் பதிலாக ஐஸ்டபிள்யூஎம் என்ற சாளர மேலாளரோடு வருகிறது. பூட் ஆகி முடிந்ததும் என் கணினியில் ஏறக்குறைய 200 எம்பி நினைவகமே செலவாகியிருந்ததைப் பார்த்தபோது, தூக்கி எறிய இருந்த ஒரு பொருள் எனக்குத் திரும்பக் கிடைத்ததாகவே உணர்ந்தேன். எழுதுவதும் பிடிஎஃப் படிப்பதும் பாட்டுக் கேட்பதும் இந்த இரண்டு ஆண்டுகளில் ஒரு நாளும் தடைபடவில்லை.

ஆனால் உலாவியைத் திறந்து நான்கைந்து தாவல்களைச் சேர்த்தால், இயங்குதளம் சிக்கனமாக மிச்சப்படுத்திய நினைவகம் முழுவதும் கரைந்துவிடும். ரேமிலேயே தரவைச் சுருக்கி வைக்கும் இசட்ரேம் வசதியை இயக்கிய பிறகுதான் நிலைமை சற்றுத் தேறியது.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வைஃபை. மூடியைச் சாத்தினால் கணினி உறங்குகிறது, திறந்தால் விழிக்கிறது, வைஃபை மட்டும் விழிப்பதில்லை. கட்டளைகளைத் தட்டும் முனையத்தைத் திறந்து, கடவுச்சொல்லைத் தட்டி, வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கி மீண்டும் ஏற்றினால்தான் இணைப்பு வரும். இதை ஒரு நாளில் இரண்டு, மூன்று முறை செய்கிறேன். கணினி விழித்ததும் இக்கட்டளைகள் தானாக இயங்கும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுத முயன்றபோது, கண்ணில் பட்ட வழிகாட்டிகளில் பெரும்பாலானவை சிஸ்டம்டி இருப்பதாகக் கொண்டே எழுதப்பட்டிருந்தன. ஒருவழியாக எழுதி முடித்த ஸ்கிரிப்ட், இயங்குதளத்தின் மையமான கெர்னல் புதுப்பிக்கப்பட்ட மறுநாளே வேலை செய்யாமல் போனது. அவசரமாக ஒரு மின்னஞ்சல் அனுப்ப மூடியைத் திறந்து, அணைந்து கிடக்கும் அந்தச் சின்னத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வரும் கோபத்தை இங்கே எழுத முடியாது.

நியாயமாகப் பார்த்தால் இது ஆன்டிஎக்ஸின் குற்றமன்று. வேறு இரண்டு லினக்ஸ் வழங்கல்களை யூஎஸ்பியிலிருந்து இயக்கிப் பார்த்தேன். அவற்றிலும் இதே கதைதான். கோளாறு அந்த வைஃபை சிப்பிலும் அதன் டிரைவரிலும் இருக்கிறது. ஆகவே பழைய கணினிக்கு இயங்குதளம் தேடுவோர் நிறுவுவதற்கு முன் யூஎஸ்பியிலிருந்தே அதை இயக்கி, மூடியைச் சாத்தித் திறந்து, வைஃபை திரும்புகிறதா என்று பாருங்கள். எத்தனை எம்பி செலவாகிறது என்ற ஒப்பீடுகளை அதன் பிறகு படிக்கலாம். செயலி பழைய 32 பிட் வகையா என்பதையும் முன்னரே பார்த்துவிட வேண்டும். 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இல் அவ்வகைக் கணினிகளுக்கான நிறுவி இல்லை, ஆன்டிஎக்ஸ் 23இல் இருக்கிறது.

நண்பருடையது 64 பிட் செயலியும் 4 ஜிபி ரேமும் கொண்டது என்பதால் லுபுண்டுவையே போடச் சொன்னேன். இணையம் இன்றி ஒரு மணி நேரம் இருக்க முடியாதவர் அவர். முனையத்தில் கட்டளை தட்டும் பொறுமையும் அவருக்கு இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை என் கணினியின் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தினேன். எதை வேண்டுமானாலும் புதிதாக நிறுவியிருக்கலாம்; ஆன்டிஎக்ஸையே மீண்டும் நிறுவினேன். அன்று மாலை மூடியைத் திறந்தபோது வைஃபை இல்லை.