கடைவாசல் சென்சார் கேட்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

திருட்டைத் தடுக்க நினைக்கும் கடைக்காரர்கள் கேமராவுக்கு அடுத்து விசாரிப்பது வாசலில் நிற்கும் சென்சார் கேட்டை. பில் போடும்போது ஸ்டிக்கரைச் செயலிழக்கச் செய்யாத, டேகைக் கழற்றாத பொருள் இதன் கம்பங்களுக்கிடையே போனால் சத்தம் அடிக்கும். சந்தையில் அதிகம் விற்பவை இரண்டு வகை: 8.2 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் ஆர்.எஃப். (ரேடியோ அலைவரிசை), 58 கிலோஹெர்ட்ஸில் வேலை செய்யும் ஏ.எம். (அகௌஸ்டோ-மேக்னெட்டிக்).

ஆர்.எஃப். ஸ்டிக்கர் காகிதம் போல மெல்லியது, விலை குறைவு, பார்கோடுக்கு அடியிலேயே ஒட்டலாம். ஆனால் பால் பவுடர் டின்னிலோ அலுமினியப் பூச்சுள்ள பாக்கெட்டிலோ ஒட்டினால் பெரும்பாலும் அடிக்காது. அதன் காந்தப்புலத்தை உலோகம் குலைத்துவிடும். இந்த விஷயத்தில் ஏ.எம். மேல். கம்பங்களுக்கிடையே அதிக அகலமும் விடலாம். ஆர்.எஃப். ஸ்டிக்கருக்குச் சுமார் 1 மீட்டர் என்றால் ஏ.எம்முக்கு மாடலைப் பொறுத்து 1.5 மீட்டர் வரை தாங்கும். ஜவுளிக்கடையின் அகல வாசலுக்கு ஏ.எம்மே எங்கள் சிபாரிசு. பிளாஸ்டிக் டேகின் ஊசியை மட்டும் சட்டையின் பக்கத் தையலில் குத்துங்கள். பட்டுப்புடவையில் குத்தினால் இழை இழுத்துக்கொள்ளும். அதற்குக் கயிறு டேக் வாங்குங்கள்.

கேட் அடிக்காமல் விடுவதைவிட, சும்மா சும்மா அடிப்பதுதான் பெரிய தொல்லை. எல்.இ.டி. விளக்கின் டிரைவர், யு.பி.எஸ்., அருகிலுள்ள இன்னொரு கேட் எல்லாமே இரைச்சல் கிளப்பும். டேக் மாட்டிய ஸ்டாண்டை வாசலிலிருந்து 1 மீட்டருக்குள் வைத்தாலும் இதே கதை. பில் போடும்போது ஸ்டிக்கரை, அதைச் செயலிழக்கச் செய்யும் டீஆக்டிவேட்டர் பேடில் ஒட்டினாற்போல் காட்டாமல் பையில் போட்டால், காசு கொடுத்த வாடிக்கையாளர் வாசலில் கூனிக்குறுகி நிற்பார். இப்படி நாலு தடவை நடந்தால் செக்யூரிட்டி எல்லோரையும் ‘போங்க, போங்க’ என்று அனுப்பிவிடுவார். அதன்பிறகு கேட் இருந்தும் பயனில்லை.

சாதாரண டேகை ஆன்லைனில் கிடைக்கும் காந்தமே திறந்துவிடும். அதைவிட வலுவான காந்தம் தேவைப்படும் சூப்பர்லாக் டேகைக் கேட்டு வாங்குங்கள். டேகைக் கழற்றும் டிடாச்சரை கவுன்ட்டரில் திருகி மாட்டி, ராத்திரி பூட்டி வையுங்கள். கழற்றிய டேகுகளைக் கடை மூடும்போது எண்ணி, விற்ற உருப்படிகளோடு ஒப்பிடுங்கள். டிரையல் ரூம் கண்ணாடிக்குப் பின்னால் டேக் கிடந்தால் துணி போய்விட்டது என்று அர்த்தம். உள்ளே ஃபாயில் ஒட்டிய பையை இந்தக் கேட் காட்டிக்கொடுக்காது. அதற்கு மெட்டல் டிடெக்‌ஷன் வசதி தனியாகக் கேட்க வேண்டும்.

சத்தம் வந்தாலே திருட்டு என்று ஆகிவிடாது. ‘பில்லை ஒருதரம் பார்த்துக்கலாமா?’ என்ற அளவில் நிறுத்துங்கள். உடலைச் சோதிப்பது, அறையில் அடைத்து வைப்பது இரண்டும் உங்கள் மேலேயே வழக்காகத் திரும்பும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் கம்பத்தருகே நின்றுகொண்டிருக்கக் கூடாது. அங்கே வரிசை சேரவிடாதீர்கள்.

டெமோவை விற்பவர் ஷோரூமில் பார்க்காதீர்கள். உங்கள் வாசலிலேயே, எல்லா விளக்கும் யு.பி.எஸ்ஸும் ஓடும்போது, டேகை முழங்கால், இடுப்பு, தோள் உயரத்தில் நிமிர்த்தியும் படுக்கவைத்தும் குறுக்காகவும் கொண்டுபோய்ப் பாருங்கள். நடுவில் ஒரு தடவை விட்டாலும், சரிசெய்து காட்டும்வரை பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.