பலர் எழுதும் தளத்துக்கு எது பொருந்தும்? வாட்ஸ்அப்பும் ஷீட்டும், வேர்ட்பிரஸ், கோஸ்ட், ட்ரூபல்

காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர் என்று ஆளுக்கொரு பக்கமிருந்து எழுதும் ஒரு வடசென்னைச் செய்தித் தளத்தில் ஆசிரியர் பொறுப்பைப் பார்க்கிறேன். எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் வேறு வேலை உண்டு. பெரும்பாலும் கைபேசியில்தான் எழுதுகிறார்கள். கட்டுரைகளை வாங்கித் திருத்தி, நாள் குறித்து வெளியிட எந்த ஏற்பாடு நல்லது என்று யார் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். கட்டுரையும் அது எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவலும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா?

வாட்ஸ்அப் குழுவும் கூகுள் ஷீட்டும் இந்தச் சோதனையில் தோற்றுவிடுகின்றன. செலவு இல்லை, யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். நான்கைந்து பேர் வரை தாங்கும். ஆள் கூடியதும் ஷீட்டில் ‘திருத்தியாயிற்று’ என்று இருக்கும். திருத்திய பிரதியோ யாருடைய மின்னஞ்சலிலோ கிடக்கும். மாற்றி அனுப்பிய கடைசிப் பத்தி காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும். வேலைகளை அட்டைகளாக வைத்து நகர்த்தும் ட்ரெல்லோ பார்க்க ஒழுங்காக இருந்தாலும் நோய் அதேதான்: அட்டை நகரும், கட்டுரை நகராது. கூகுள் டாக்ஸை மட்டும் நான் விடமாட்டேன். எதை ஏன் மாற்றினோம் என்பதை எழுதியவர் வரிக்கு வரி பார்க்க, அதன் பரிந்துரை முறையைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. புதிதாக எழுத வருகிற இளைஞர்களுக்கு அதுவே பயிற்சி.

வேர்ட்பிரஸ் தளத்தையே நடத்தும் மென்பொருள். அதில் வரைவு, பரிசீலனைக்கு, நாள் குறித்தது, வெளியானது என்ற நிலைகள் கட்டுரையோடு ஒட்டியே இருக்கின்றன. 2013இல் வந்த 3.6 பதிப்பு முதல், ஒருவர் திருத்திக்கொண்டிருக்கும் கட்டுரையை இன்னொருவர் திறந்தால் எச்சரிக்கை வருகிறது. முந்தைய பிரதிகளும் சேமிப்பில் இருக்கின்றன. சிக்கல் அதிகாரங்களில்தான். கான்ட்ரிபியூட்டர் என்ற படியில் இருப்பவர் எழுதி அனுப்பலாம், வெளியிட முடியாது. அது சரியான ஏற்பாடுதான். ஆனால் அவரால் படத்தையும் ஏற்ற முடியாது. மீன் ஏலக் கூடத்திலிருந்து படம் எடுத்து அனுப்புகிறவருக்கு இது பெரிய தடை. அதற்காக அவரை அடுத்த படியான ஆத்தர் ஆக்கினால், யாரும் பார்க்காமலே அவர் கட்டுரையை வெளியிட்டுவிடலாம். இரண்டுக்கும் நடுவே ஒரு படி இயல்பாகவே இருந்திருக்க வேண்டும். பப்ளிஷ்பிரஸ் கேபபிலிட்டீஸ் போன்ற கூடுதல் நிரலைக் கொண்டு கான்ட்ரிபியூட்டருக்குப் பட உரிமையை மட்டும் கொடுத்துவிடலாம். பல ஆசிரியர்கள் உள்ள தளத்தில் நான் முதல் நாளே செய்யச் சொல்வது இதைத்தான். அதே குழுவின் பிளானர் நிரல், நாள்காட்டியில் கட்டுரையை இழுத்து வேறு நாளில் வைக்க உதவும். எழுதியவரும் ஆசிரியரும் கட்டுரைக்குள்ளேயே குறிப்பு எழுதிப் பேசிக்கொள்ளலாம்.

நாள் குறிப்பதில் வேர்ட்பிரஸிடம் இரண்டு பொறிகள் உண்டு. கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். தடை முடிந்து விசைப்படகுகள் கிளம்பும் செய்தியை ஜூன் 15 காலை 6 மணிக்கு வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். தளத்தின் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்திலேயே விடப்பட்டிருந்தால் அது நம் நேரப்படி 11.30க்குத்தான் வரும். அமைப்புகளில் நேர மண்டலமாகக் கொல்கத்தாவைத் தேர்ந்தெடுத்தால் இது தீர்ந்தது. இரண்டாவது ஆழமானது. வேர்ட்பிரஸின் உள்கடிகாரம் தானாக ஓடுவதில்லை. யாராவது தளத்துக்கு வரும்போதுதான் விழித்து, நேரமான கட்டுரை ஏதும் உண்டா என்று பார்க்கிறது. விடியற்காலையில் ஆள் வராத சிறிய தளத்தில் கட்டுரை அப்படியே நின்றுவிடும். பக்கங்களின் பிரதியைச் சேமித்து வைத்துக் காட்டும் கேஷ் உள்ள தளத்தில் ஆள் வந்தாலும் வருகை உள்ளே எட்டாமல் போகலாம். இந்த உள்கடிகாரத்தை அணைத்துவிட்டு, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் சர்வரின் சொந்த கிரான் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்த வேலையைச் செய்யும்படி வைப்பதே நிரந்தரத் தீர்வு. தளத்தை ஏற்றியிருக்கும் நிறுவனத்திடம் கேட்டால் செய்து தருவார்கள்.

கோஸ்ட் என்ற இன்னொரு பதிப்பு மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை. அது சர்வரில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் செயலி, வருகையாளருக்காகக் காத்திருக்காது. எழுதும் பக்கம் துப்புரவாக இருக்கிறது, ஒரு கட்டுரைக்கு இரண்டு பெயர் போடலாம். வேர்ட்பிரஸில் அதற்கே தனி நிரல் வேண்டும். ஆனால் ‘பரிசீலனைக்கு’ என்ற நிலையே கோஸ்டில் கிடையாது. எழுதி முடித்ததும் பாதியில் நிற்பதும் ஒரே வரைவுப் பட்டியலில் கலந்து கிடக்கும். எது தயார் என்று கேட்க மறுபடியும் வாட்ஸ்அப்புக்குத்தான் போக வேண்டும். பல தளங்கள் ஒரே சர்வரைப் பகிர்ந்துகொள்ளும் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கிலும் அது ஓடாது. இருவர் மூவர் சேர்ந்து மின்னஞ்சல் மடல் நடத்துவதாக இருந்தால் கோஸ்ட் அருமை.

ட்ரூபல் என்ற மூன்றாவது மென்பொருள் இவை எல்லாவற்றையும்விட உறுதியானது என்று மனமாரச் சொல்வேன். 2018இல் வந்த 8.5 பதிப்பிலிருந்து கட்டுரையைப் படிப்படியாக ஒப்புதலுக்கு நகர்த்தும் அதன் மாடரேஷன் ஏற்பாடு உள்ளேயே நிலைபெற்றுவிட்டது: நிலைகளை நாமே வகுக்கலாம், எந்த நிலையிலிருந்து எதற்கு யார் நகர்த்தலாம் என்றும் விதிக்கலாம். வெளியான கட்டுரை வாசகருக்கு அப்படியே தெரிந்துகொண்டிருக்க, அதன் திருத்திய வரைவு உள்ளே ஒப்புதலுக்குக் காத்திருக்கலாம். வேர்ட்பிரஸில் வெளியான கட்டுரையைத் திருத்திச் சேமித்தால் அந்தக் கணமே வெளியே போய்விடும். ஆனாலும் ட்ரூபலைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவர் குழுவில் நிரந்தரமாக இருக்க வேண்டும். நாள் குறிக்கக்கூட ஷெட்யூலர் என்ற கூடுதல் நிரலைத் தனியாகச் சேர்க்க வேண்டும். தன்னார்வலர் குழுவில் அந்த ஒருவர் வேலை மாறிப் போனால் தளம் நின்றுவிடும். அந்த அபாயத்தை ஏற்க நான் தயாரில்லை.

ஆகவே என் தேர்வு வேர்ட்பிரஸ். அதற்கு நம் ஊர் சார்ந்த இன்னொரு காரணமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பின் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அந்த மாதக் கடைசியிலேயே அம்மோனியா வாயுவும் கசிந்தது. அப்படிப்பட்ட நாளில், போன வாரமே நாள் குறித்து வைத்த ‘ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு’ கட்டுரை தானாக வெளியானால், எண்ணெய் படிந்த வலையோடு நிற்கும் வாசகர் அதைப் படித்து என்ன நினைப்பார்? நிறுத்த வேண்டும், கைபேசியிலிருந்தே, உடனே. வேர்ட்பிரஸ் செயலியில் கட்டுரையை வரைவுக்குத் திருப்பிவிடலாம். கோஸ்டில் கட்டுரை மின்னஞ்சல் மடலாக அனுப்பப்பட்டுவிட்டால் திரும்ப அழைக்க முடியாது. நிறுத்துவதற்கு எடிட்டர் அதிகாரம் குறைந்தது இருவரிடம் இருக்க வேண்டும். இருவரும் ஒரே பகுதியில் இருக்கக் கூடாது. எண்ணூரில் மின்சாரமும் சிக்னலும் போன இரவில் ராயபுரத்திலோ பெரம்பூரிலோ இருப்பவர் அந்தப் பொத்தானை அழுத்துவார்.